நெல்லுக்குப் போடுற யூரியா காத்துலயும் வடிகால்லயும் போகாம இருக்க என்ன பண்ணணும்

டெல்டாவுல ஏக்கருக்கு மூணு மூட்டை யூரியா போடுறோம்னு வெச்சுக்கங்க, அதுல பயிருக்குள்ள போறது சுமாரா ஒரு மூட்டை சத்துதான். தண்ணி கட்டி வளக்குற நெல்லுல, போட்ட தழைச்சத்துல, அதாவது நைட்ரஜன்ல, 30லேர்ந்து 40 சதவீதம்தான் பயிருக்குப் போகுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சியிலயும் திரும்பத் திரும்ப வந்திருக்கு. மிச்சத்துல கொஞ்சம் மண்ணுல தங்கும், பெரும்பங்கு அம்மோனியாவா காத்துல போகும், இல்ல வேற வாயுவா மாறிப் போகும், இல்ல தண்ணியோட வடிகாலுக்கோ நிலத்தடிக்கோ போயிரும். இதுக்கு இன்னொரு மூட்டை சேத்துப் போடுறது வழி இல்ல. நான் பாத்த வரைக்கும், உரம் போடுற அந்த நேரத்துல வயல்ல தண்ணி எந்த நிலையில இருக்குங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, எந்த கம்பெனி மூட்டை, எந்தக் கலர் பாக்கெட்டுங்கறது எல்லாம் அப்புறம்தான்.

முதல்ல யூரியா எப்படி தப்பிச்சுப் போகுதுன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரிஞ்சா என்ன பண்ணணும்னு தானா புரியும். யூரியா தண்ணில விழுந்த உடனே கரைஞ்சிரும். மண்ணுலயும் தண்ணிலயும் இருக்குற யூரியேஸ்னு ஒரு நொதி அதை ரெண்டு மூணு நாள்ல அம்மோனியமா மாத்தும். அம்மோனியமா ஆனப்புறம் களிமண்ணு அதைப் பிடிச்சு வெச்சுக்கும், யூரியாவா இருக்குறப்ப பிடிச்சுக்காது, தண்ணி எங்க போகுதோ அங்க போகும். இது ஒண்ணை மனசுல வெச்சுக்கங்க, கீழ சொல்றது முக்கால்வாசி இதுலேர்ந்துதான் வருது.

இப்ப நாலு விரக்கடை தண்ணி நிக்கிற வயல்ல யூரியா வீசுறோம். சத்து தண்ணிலயே கிடக்கும். நடவு ஆகி பத்து பதினஞ்சு நாள்ல பயிரு இன்னும் மூடாம இருக்கும், வெயில் நேரா தண்ணில அடிக்கும், பச்சையா பாசி படரும். அந்தப் பாசி பகல்ல தண்ணியில இருக்குற கரியமில வாயுவை இழுத்துக்கும், அதனால தண்ணியோட பிஹெச், அதாவது காரத்தோட அளவு, ஏறும், காலைல 7, 8னு இருந்தது மத்தியானம் 9ஐத் தாண்டிப் போகும். பிஹெச் 7ல அம்மோனியத்துல நூத்துல ஒரு பங்குகூட வாயுவா இருக்காது, 9.2 வந்தா ஏறக்குறைய பாதி வாயுவா நிக்கும். மேல காத்து வேற வீசுச்சுன்னா கேக்கவே வேணாம். போட்ட முதல் ஒரு வாரத்துலயே இந்த இழப்புல பெரும்பகுதி முடிஞ்சிரும், அதனால ஒரு வாரம் கழிச்சு யோசிச்சுப் பிரயோஜனம் இல்ல.

தண்ணிய எப்படி வெச்சுக்கறது

மேலுரம், அதாவது நடவுக்கு அப்புறம் போடுற உரம், போடுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வாய்மடையை அடைச்சிருங்க. தண்ணிய வடிச்சு விடுறதைவிட வத்த விடுறது நல்லது, ஏன்னா வடிக்கிற தண்ணியோட முன்ன போட்ட சத்தும் கொஞ்சம் போகும். வயல்ல இறங்கி கால் வெச்சுப் பாருங்க, தடம் நல்லாப் பதியணும், ஆனா அந்தத் தடத்துல தண்ணி ஊறி நிக்கக் கூடாது. அதுதான் பதம். ரொம்பக் காய விட்டு விரல் போற அளவு வெடிப்பு விட்டா அதுவும் தப்பு, அப்புறம் விடுற தண்ணி வெடிப்பு வழியா நேரா கீழ இறங்கும், யூரியாவும் வேருக்குக் கீழ போயிரும்.

அந்தப் பதத்துல சாயங்காலம் நாலு மணிக்கு மேல உரத்தை வீசிட்டு, அடுத்த நாள் காலைலயே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் தண்ணி விடுங்க. மண்ணு கொஞ்சம் காய்ஞ்சு இருக்கறதால தண்ணிய உள்ள இழுக்கும், தண்ணியோட யூரியாவும் உள்ள இறங்கும், இறங்கின இடத்துல அம்மோனியமா மாறி களிமண்ணுல ஒட்டிக்கும். மேல கிடக்குற தண்ணில சத்து கம்மியா இருக்கும், அதனால ஆவியாகவும் அங்க அவ்வளவா ஒண்ணும் இருக்காது. இங்க ஒரு விஷயம் கவனமா இருக்கணும், ஈரமான மண்ணு மேல யூரியாவைப் போட்டுட்டு மூணு நாலு நாள் தண்ணி விடாம விட்டா அதுவும் அம்மோனியாவாத்தான் போகும், தண்ணில போட்டதைவிட மோசமாக்கூட ஆகலாம். ஆகவே தண்ணி கைல இருந்தாத்தான் உரத்தைத் தொடணும். ஆத்துப் பாசனக்காரங்க முறைத் தண்ணி எப்ப வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் போட்டா சரியா இருக்கும், கடைமடையில இருக்குறவங்களுக்கு முறை தள்ளிப்போறது வழக்கம், அதனால பக்கத்து மடை வரைக்கும் தண்ணி வந்துருச்சுன்னு கண்ணால பாத்துட்டு மூட்டையைப் பிரிங்க. போர் வெச்சிருக்கவங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல.

தண்ணி விட்டப்புறம் ஒரு வாரம் காயப் போடாதீங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுறது நல்ல பழக்கம்தான், தண்ணி மிச்சம், மீத்தேன் கம்மி. ஆனா உரம் போட்ட உடனே காய விட்டா காத்து உள்ள போய் அம்மோனியம் நைட்ரேட்டா மாறும், அப்புறம் தண்ணி கட்டினா நைட்ரேட் நுண்ணுயிர் கைல மாட்டி நைட்ரஜன் வாயுவாவும் நைட்ரஸ் ஆக்சைடாவும் போயிரும். நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருஷக் கணக்குல கரியமில வாயுவை மாதிரி 270 மடங்குக்கு மேல பூமியை சூடாக்குற வாயு, நம்ம காசும் போகுது அதுவும் நடக்குது. அதனால உரம் போட்ட வாரம் தண்ணி நிக்கட்டும், அடுத்த வாரத்துலேர்ந்து காய்ச்சல் பாய்ச்சல்.

சம்பா, தாளடிக்கு இந்தக் கதை அப்படியே ஒத்து வராது, ஐப்பசி கார்த்திகை மழையில தாழ்வான வயல்ல தண்ணி வத்துறதே இல்லை. அப்ப முடிஞ்ச அளவு தண்ணியக் குறைச்சு ஒரு விரக்கடைக்கு வெச்சு, வடிமடையை அடைச்சுட்டு உரத்தைப் போட்டுட்டு உடனே கோனோவீடர்ங்கற களைக்கருவியை ஓட்டுங்க. வரிசை நடவா இருந்தாத்தான் ஓடும், ஓட்டினா களையும் அமுங்கும் உரமும் சேத்துக்குள்ள போகும், ஒரே கூலியில ரெண்டு வேலை. கை நடவா இருந்தா ஆள் வெச்சு களை எடுக்குற நாளோட உரத்தைச் சேத்துக்கங்க, களை எடுத்து முடிச்ச கையோட உரம், நடந்து மிதிபட்ட சேறு இளகி இருக்கும். களை இருக்கறப்ப உரம் போட்டா களைதான் முதல்ல தின்னும்.

மழையைப் பாத்துப் போடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா வானத்தை அண்ணாந்து பாக்குறதோட நிறுத்தாதீங்க. இந்திய வானிலைத் துறையோட மேகதூத் ஆப்ல மாவட்ட வாரியா அஞ்சு நாள் நிலவரம் தமிழ்லயே வரும். அடுத்த ரெண்டு நாள்ல கனமழைன்னா உரத்தைத் தள்ளிப் போடுங்க. நாலு நாள் தாமதமானா பயிரு செத்துப் போகாது, வரப்பு மேல வழிஞ்ச தண்ணியோட போன யூரியா திரும்பி வராது.

வரப்பையும் சொல்லணும். அண்டை வெட்டி சேறு பூசுறப்பவே நண்டு வளையெல்லாம் பாத்து மிதிச்சு அடைங்க. உரம் போட்ட மறுநாள் காலைல வயலைச் சுத்தி ஒரு நடை போங்க, வெளிப்பக்கம் வாய்க்கால்ல தண்ணி கசியுற இடம் தெரியும். அந்தக் கசிவுல போறது உங்க யூரியா.

அடியுரம்

அடியுரத்துல நிறைய பேரு பண்றது என்னன்னா, பரம்பு அடிச்சு சமப்படுத்தி தண்ணி தெளிஞ்சப்புறம் மேல வீசுறது. அது வேணாம். கடைசி சேறடிப்புக்கு முன்னாடி, தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கறப்ப வீசிட்டு அப்புறம் உழவு ஓட்டி பரம்பு அடிங்க. சேத்துக்கு அடியில காத்து போகாத இடத்துல அம்மோனியம் அம்மோனியமாவே கிடக்கும், வேர் எட்டுற வரைக்கும் காத்திருக்கும். அதுக்கப்புறம் அந்த சேறடிச்ச தண்ணிய வடிச்சு விடவே கூடாது.

புழுதி விதைப்பு பண்றவங்களுக்கு இது நேர் தலைகீழ். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் காய்ஞ்ச மண்ணுல விதைச்சுட்டு மழைக்கோ ஆத்துத் தண்ணிக்கோ காத்திருக்கோம், அங்க அடியில யூரியா போட்டா தண்ணி வர்றதுக்குள்ள அது நைட்ரேட்டா மாறிடும், தண்ணி வந்த உடனே வாயுவாப் போயிரும். அதனால அங்க அடியுரத்துல மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும், யூரியாவை, விதைப்பு முடிஞ்சு 20, 25 நாள் கழிச்சு ஈரம் நிலையா கெடைச்சப்புறம் ஆரம்பிங்க.

எவ்வளவு, எத்தனை தடவை

ஒரே தடவையில கொட்டுறதுதான் அடுத்த பெரிய இழப்பு. நட்டு பத்து நாள் ஆன பயிருக்கு வேரே கொஞ்சூண்டு, அது ஒரு மூட்டையை எப்படி எடுக்கும்? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் காவிரி டெல்டாவுக்கு குறுவை ரகங்களுக்குச் சொல்றது ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 மணி, 50 சாம்பல், தழைச்சத்தை நாலா பிரிச்சு அடியுரம், தூர் கட்டுறப்ப, தண்டு உருளுறப்ப, கதிர் வர்றப்பன்னு போடச் சொல்றாங்க. ஏக்கருக்கு மாத்தினா 60 கிலோ தழைச்சத்து. யூரியால 46 சதவீதம் சத்து, 45 கிலோ மூட்டைல 20.7 கிலோ. டிஏபி 50 கிலோ மூட்டை ஒண்ணு போட்டா மணிச்சத்து முடிஞ்சிரும், அதுலயே 9 கிலோ தழைச்சத்தும் வந்துரும், இதை கணக்குல சேக்காம விடுறவங்கதான் ஜாஸ்தி. மிச்சம் 51 கிலோவுக்கு யூரியா 111 கிலோ, அதாவது ரெண்டரை மூட்டை. அடியுரத்துல 13 கிலோ, அப்புறம் மூணு தடவை 33, 33 கிலோவா. மாவுக்கு, அதாவது ஏக்கர்ல மூணுல ஒரு பங்குக்கு, 11 கிலோ. மா மாவா பிரிச்சு அளந்து வெச்சுட்டு, பாதியை நீளவாக்குல, மீதியை குறுக்குவாக்குல வீசுங்க, திட்டுத்திட்டா விழாது. கூலி ஆள் கைல மூட்டையை முழுசாக் கொடுத்துட்டு வரப்புல நின்னா வாய்மடைப் பக்கம் கரும்பச்சையா, கோடியில மஞ்சளா நிக்கும்.

பனி இருக்குற காலைல வீசாதீங்க, குருணை இலையில ஒட்டிக்கிட்டு கருக்கும், சத்தும் வீண்.

தண்டு உருளுற பருவத்தை நாள் கணக்குல மட்டும் நம்பாம ஒரு தடவை கண்ணால பாத்துருங்க. ரகத்தோட மொத்த வயசுல 65 நாளைக் கழிச்சா தோராயமா அந்த நாள் வரும், 110 நாள் ரகத்துக்கு விதைச்ச 45ஆவது நாள், 155 நாள் சிஆர் 1009க்கு 90ஆவது நாள். அந்த நாளை ஒட்டி வயலுக்குள்ள நாலு இடத்துல தாய்ச்சிம்பைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால நீளவாக்குல கிழிங்க. கணுவுக்கு மேல, தண்டுக்குள்ள, ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் அளவுல வெள்ளையா, நுனி பஞ்சு விட்டாப்ல ஒண்ணு தெரியும், அதுதான் கதிரோட கரு. அது தெரிஞ்ச வாரம் போடுற யூரியாவைப் பயிரு நல்லா இழுக்கும், ஏன்னா அப்ப வேர் முழுசா பரவி சேத்துக்கு மேலேயே வலை மாதிரி ஓடியிருக்கும், பயிரு மூடி நிழல் கட்டிடும், பாசியும் இருக்காது, இழப்பும் கம்மி. இருக்குற உரத்துல ஒரு தடவைக்கு மட்டும்தான் காசு இருக்குன்னு யாராவது கேட்டா நான் இந்தத் தடவையைத்தான் சொல்லுவேன்.

இலை வண்ண அட்டை

மேல சொன்னது பொதுக் கணக்கு. உங்க வயலுக்கு எவ்வளவுன்னு சொல்றது பயிருதான், அதைப் படிக்க உதவுறது இலை வண்ண அட்டை. இளம்பச்சைலேர்ந்து கரும்பச்சை வரைக்கும் பட்டை பட்டையா இருக்குற பிளாஸ்டிக் துண்டு, கேவிகேங்கற வேளாண் அறிவியல் நிலையத்துலயோ வேளாண்மை ஆபீஸ்லயோ கேட்டுப் பாருங்க. நட்டு 14 நாள்லேர்ந்து, நேரடி விதைப்புன்னா 21 நாள்லேர்ந்து, வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை கதிர் வர்ற வரைக்கும் பாக்கணும். நோய் இல்லாத பத்துக் குத்து, ஒவ்வொண்ணுலயும் மேல முழுசா விரிஞ்ச இலை, இலையைப் பறிக்காம நடுப்பகுதியை அட்டையில வெச்சுப் பாக்கணும், உங்க நிழல் அட்டை மேல விழணும், நேர் வெயில்ல பாத்தா கலர் ஏமாத்தும். ஒரே ஆள், ஒரே நேரத்துல பாக்கறது முக்கியம். பத்துல ஆறு அல்லது அதுக்கு மேல அளவுக்குக் கீழ இருந்தா உரம் போடலாம், இல்லன்னா மூட்டையைத் தொடாதீங்க. வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மத்த ரகங்களுக்கு 4. போடுறப்ப குறுவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பா தாளடிக்கு 30, அதாவது ஏக்கருக்கு யூரியா சுமாரா 30 கிலோ, 26 கிலோ.

மஞ்சள் எல்லாமே யூரியாப் பசி இல்லைங்கறதும் இங்கேயே சொல்லிடறேன், இதுல போற மூட்டை ரொம்ப. தழைச்சத்துக் குறைன்னா அடியில இருக்குற பழைய இலை முதல்ல வெளுக்கும். துத்தநாகக் குறைன்னா நட்டு மூணு நாலு வாரத்துல இளசு இலையோட அடிப்பக்கம் நடுநரம்பு வெளுத்து, இலைல துரு மாதிரி புள்ளி வந்து, பயிரு திட்டுத்திட்டா குன்றி நிக்கும், அதுக்கு எவ்வளவு யூரியா போட்டாலும் கேக்காது, ஜிங்க் சல்பேட்தான் போடணும், ஹெக்டேருக்கு 25 கிலோ, மணல்ல கலந்து, டிஏபியோட சேக்காம.

வேப்பம்புண்ணாக்கு, ஜிப்சம், மத்தது

2015லேர்ந்து நம்ம நாட்டுல வர்ற யூரியா ஏறக்குறைய எல்லாமே வேப்பெண்ணெய் பூசினதுதான். அதனால இனி ஆவியாகாதுன்னு ஒரு நம்பிக்கை பரவியிருக்கு, அது சரியில்ல. வேம்பு பண்ணுறது அம்மோனியம் நைட்ரேட்டா மாறுறதைத் தாமதப்படுத்துறது. தண்ணி மேலேர்ந்து அம்மோனியா கிளம்புறதை அது நிறுத்தாது, அதை நிறுத்துறது நீங்க தண்ணிய வெச்சுக்கற விதம்தான்.

கைல புண்ணாக்கு இருந்தா இன்னும் கொஞ்சம் பலப்படுத்தலாம். பல்கலைக்கழகம் சொல்ற கலவை யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு. புண்ணாக்கை இடிச்சு சலிச்சுக்கங்க, கட்டி இருந்தா ஒட்டாது. நிழல்ல தார்ப்பாய் விரிச்சு மூணையும் கலந்து ராத்திரி பூரா மூடி வெச்சு மறுநாள் சாயங்காலம் போடுங்க. 33 கிலோ யூரியாவுக்கு ஜிப்சம் 26 கிலோ, புண்ணாக்கு ஆறரை கிலோ வரும். அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ யூரியாவோட கலக்காதீங்க, காரம் ஏறி அங்கேயே மூக்கைத் துளைக்கிற வாடை வரும், அது அம்மோனியா போற வாடைதான்.

அசோலாங்கற தண்ணில மிதக்குற சின்னப் பெரணியை வளர்க்க முடிஞ்சா நட்டு மூணு நாள்லேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள ஹெக்டேருக்கு 250 கிலோ விடுங்க. அது தானே தழைச்சத்து சேக்கும், அதோட தண்ணிய மூடி வெயில் விழாம பண்ணி பாசியைக் கட்டுப்படுத்தும், பிஹெச் ஏறாது, யூரியா தங்கும். களை எடுக்கறப்ப மிதிச்சு விட்டுருங்க. தக்கைப்பூண்டு விதைச்சு பூக்குற நேரத்துல மடக்கி உழுறவங்க அடியுர யூரியாவைக் குறைச்சுக்கிட்டு மிச்சத்தை அட்டையைப் பாத்து முடிவு பண்ணலாம்.

வங்காளதேசத்துல யூரியாவை கோலிக்குண்டு அளவு கட்டியா அழுத்தி, நட்ட ஒரு வாரத்துல நாலு குத்துக்கு நடுவுல ஒண்ணுன்னு மூணு நாலு அங்குல ஆழத்துல புதைக்கிறாங்க, ஒரு பயிருக்கு ஒரு தடவை போதும். இழப்பைக் குறைக்கறதுல இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது, ஆனா நம்ம பக்கம் கட்டியும் கிடைக்கறது கஷ்டம், குனிஞ்சு புதைக்க ஆளும் கிடைக்கறது கஷ்டம்.

மணல் கலந்த மண்ணு, போர்த் தண்ணில குடிக்கவும் செய்யுற வீடுன்னா நாலு தடவையை அஞ்சாவே பிரிங்க. அங்க நைட்ரேட் கீழ இறங்கி அதே போர்ல வரும், குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட், கைக்குழந்தை இருக்குற வீட்டுல ஒரு தடவை தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாக்கறது அவசியம்.

பாட்டில்ல வர்ற நானோ யூரியாவைப் பத்தி நிறைய கேக்குறாங்க. முதல்ல வந்த 4 சதவீத அரை லிட்டர் பாட்டில்ல இருந்த தழைச்சத்து 20 கிராம், மூட்டைல 20 கிலோ. இலைவழியா கொஞ்சம் உதவலாம், ஆனா அதை நம்பி மண்ணுல போடுற யூரியாவைப் பாதியாக் குறைக்க நான் சொல்ல மாட்டேன். வயல்ல தண்ணி வடியவே இல்ல, மேலுரம் போட வழியே இல்லன்னா, தண்டு உருளுறப்பவும் அதுக்குப் பத்து நாள் கழிச்சும் யூரியா 1 சதவீதம், டிஏபி 2 சதவீதம், பொட்டாஷ் 1 சதவீதம் கரைச்சு இலையில தெளிக்கலாம். டிஏபியை முந்தின நாள் ஊற வெச்சு தெளிவை மட்டும் எடுங்க, இல்லன்னா நாசில் அடைக்கும்.

கடைசியா கதிர் வர்றப்ப போடுற தடவை. இலை பச்சையா இருந்தா அதை விட்டுருங்க. புகையான் பூச்சியோ இலைச்சுருட்டுப் புழுவோ குலைநோயோ தலைகாட்டுற வயல்ல கண்டிப்பா போடாதீங்க, யூரியா அதுங்களைத்தான் வளக்கும், சம்பாவுல கார்த்திகைக் காத்துக்கு பயிரு சாயவும் செய்யும். மிச்சமான மூட்டையை வாயை இறுக்கிக் கட்டி, தரையில படாம பலகை மேல வெச்சு தார்ப்பாய் போட்டு மூடுங்க, ஈரம் இழுத்து கட்டியாகாம இருந்தா அடுத்த பட்டத்துக்கு ஆகும்.